பெயின்ட் வாளி, புறா சோளம், மூங்கில் வேர் பூஞ்சை: மொட்டை மாடியிலயே வளர்க்கலாம் வாங்க

மூங்கில் கன்னு வச்ச பாதி பேரு "வச்சு வருஷமாச்சு, அப்படியே நிக்குதுப்பா"னு பொலம்புறதை கேட்டிருப்பீங்க. ஆனா நல்லா வளர்ந்த மூங்கில் புதர்ல வேருக்குள்ளயே ஒரு பூஞ்சை குடியிருக்கும், அது நூல் நூலா மண்ணுல பரவி வேருக்கு எட்டாத பாஸ்பரஸை இழுத்துட்டு வந்து குடுக்கும், பதிலுக்கு செடிகிட்ட சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கும். கடைல 'வேம்' (VAM)னு விக்கிற வேர் பூஞ்சை உரம் இந்த வகைதான். ஆனா காளான் மாதிரி இதை வைக்கோல்ல வளர்க்க முடியாது, உயிரோட இருக்கிற வேர் இல்லாம பெருகவே பெருகாது, அதனால நாம வளர்க்கப்போறது சோளம், பூஞ்சை அது கூட ஓசில வளரும்.

முதல்ல தாய் மண், அதாவது பூஞ்சை ஏற்கனவே இருக்கிற மண். தெரிஞ்சவங்க தோட்டத்துல பழைய மூங்கில் புதர் இருந்தா மேல் சருகை ஒதுக்கிட்டு அரை அடிக்குள்ள இருக்கிற மண்ணை சல்லி வேரோட ரெண்டு கிலோ எடுங்க. காட்டுக்குள்ள போய் தோண்டாதீங்க, கேஸ் ஆயிடும்.

அடுத்து ஆத்து மணல் ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. பீச் மணல் வேணாம், உப்பு. இந்த கலவையை ஒரு பழைய குண்டான்ல ஒரு மணி நேரம் ஆவில வேக வச்சு, மறுநாள் இன்னொரு தடவை வேக வைங்க (இட்லி குண்டானை எடுத்து நான் வாங்கின திட்டு தனிக்கதை). தாய் மண்ணை மட்டும் வேக வச்சிடாதீங்க, பூஞ்சை செத்துடும்.

ஓட்டை போட்ட பெயின்ட் வாளில முக்கால்வாசி கலவை, மேல ஒரு இன்ச் தாய் மண், அதுக்கு மேல ரெண்டு இன்ச் கலவை, அதுல சோளம் விதைங்க. விதை கடை சோளம் ரோஸ் கலர்ல இருந்தா அது பூஞ்சைக்கொல்லி மருந்து, வேணாம். நம்ம ராயபுரம், வியாசர்பாடி பக்கம் புறா வளர்க்கிறவங்க வாங்குற தீனி சோளமே போதும், ஜோரா முளைக்கும். கடுகு, முள்ளங்கி போட்டுடாதீங்க, அந்த குடும்பத்து வேர்ல இது ஒட்டாது.

உரம் விஷயத்துல நான் சொதப்பினேன். முதல் தடவை ஆசையா டிஏபி (பாஸ்பரஸ் நிறைய இருக்கிற உரம்) போட்டேன், சோளம் ஆளுயரத்துக்கு கரும்பச்சையா நின்னுச்சு, வேரை பார்த்தா பூஞ்சை ஒண்ணுமே இல்ல. பாஸ்பரஸ் சும்மாவே கிடைச்சா செடி பூஞ்சையை உள்ள விடாது. அதனால உரம் போடாதீங்க, செடி கொஞ்சம் வாடின மாதிரி இருந்தா பரவால்ல. மெட்ரோ தண்ணியை ட்ரம்ல ஒரு நாள் வச்சு ஊத்துங்க, உப்பு போர் தண்ணி ஆகாது.

மூணு மாசம் கழிச்சு தண்ணியை சுத்தமா நிறுத்துங்க. செடி காயும்போது பூஞ்சை பயந்து விதைத்தூளை (ஸ்போர், அதுக்கு விதை மாதிரி) நிறைய போடும். ரெண்டு வாரத்துல தண்டை வெட்டிட்டு, வேரை பொடிசா நறுக்கி அந்த மண்ணோடயே கலந்து நிழல்ல ஆற விடுங்க, இதுதான் சரக்கு.

ஒட்டியிருக்கானு பார்க்கணும்னா மைக்ராஸ்கோப் வச்சிருக்கிற காலேஜ் பசங்களை பிடிங்க. பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல (கையை பொசுக்கும், கிளவுஸ் போடுங்க) வேரை சூடு பண்ணி வெளுக்க வச்சு, கழுவிட்டு, வெள்ளை வினிகர்ல கொஞ்சம் பேனா இங்க் கலந்து மூணு நிமிஷம் கொதிக்க விட்டா, வேருக்குள்ள நீல நூலும் குட்டி பலூன் மாதிரி பையும் தெரியும்.

மூங்கில் நாத்தை பையில மாத்தும்போது வேர் மேல படுற மாதிரி இந்த சரக்கை ரெண்டு கைப்பிடி அடில போடுங்க. மேல தூவினா வேஸ்ட்.