அரசுச் செலவைக் கண்காணிக்கத் தனி அலுவலகம்: சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

அரசுச் செலவைக் கண்காணிக்கத் தன்னாட்சியுள்ள அலுவலகம் வேண்டும் என்பதை எந்தக் கட்சியும் மேடையில் மறுப்பதில்லை. சட்டம் எழுத உட்காரும்போதுதான் தயக்கம் வருகிறது. முதல் பிரிவில் ‘சுதந்திரமாகச் செயல்படும்’ என்று எழுதிவிட்டு, யாரும் படிக்காத ஏதோ ஒரு பிரிவில் ‘நிதி அமைச்சகத்தின் ஒப்புதலுடன்’ என்று சேர்த்துவிடுவார்கள்.

பெரிய தவறு இதுதான்: கண்காணிக்கப்படுபவரின் கையிலேயே கண்காணிப்பவரின் பணப்பெட்டியைக் கொடுப்பது. ஹங்கேரியில் அரசின் வரவுசெலவைச் சுதந்திரமாக மதிப்பிட 2009இல் செயல்படத் தொடங்கிய நிதிக் குழு, அடுத்த ஆண்டே புதிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தை விமர்சித்தது. உடனே அதன் ஊழியர்களுக்கான நிதி நிறுத்தப்பட்டது. குழு பெயரளவில் தொடர்ந்தது; கணக்குப் போடத்தான் ஆளில்லாமல் போயிற்று. கனடாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலரை நாடாளுமன்ற நூலகத்துக்குள் ஒரு பிரிவாக வைத்தது. நிதிக்கும் அதிகாரத்துக்கும் நூலக நிர்வாகத்துடன் இழுபறி. தனி அலுவலகமாக மாற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் செலவு மதிப்பீட்டையோ அமைச்சகம் முடிவு செய்வதில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆணையம் ஒன்று அதைப் பரிசீலிக்கிறது. பின்பற்ற வேண்டிய வழி இது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பதவிக்காலம். மறுநியமனத்துக்கு இடம் வைத்தால், கடைசி ஆண்டு அறிக்கையின் காரம் குறைந்துவிடும். அமெரிக்கத் தலைமைத் தணிக்கையாளருக்கு 15 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு. இரண்டு இடங்களிலும் மறுநியமனம் இல்லை. இந்தியாவில் 6 ஆண்டு அல்லது 65 வயது, எது முந்தியதோ அது. ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 148ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை நல்லது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அரசுதான். எதிர்க்கட்சிக்கு அதில் இடமில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுத் தலைவரின் சம்மதமும் வேண்டும். மரபுப்படி அந்தத் தலைவர் எதிர்க்கட்சிக்காரர்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு செலவுக்கும் முன்கூட்டியே இந்த அலுவலகம் ஒப்புதல் தரட்டும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். தான் கையெழுத்திட்ட செலவை நாளை அதே அலுவலகம் எப்படிக் குறை சொல்லும்?

ஆவணங்களைக் கேட்கும் உரிமையைத் தந்துவிட்டு, தர மறுக்கும் அதிகாரிக்கு என்ன தண்டனை என்று சொல்லாமல் விடுவதும் வழக்கம். அரசுப் பணம் தனியார் ஒப்பந்ததாரரிடம் போன பின் அந்தக் கணக்கையும் பார்க்கலாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்; இல்லையேல் வழக்கு முடியவே ஆண்டுகள் ஆகும்.

இறுதியாக, அறிக்கை எப்போது வெளிவரும் என்ற கேள்வி. இந்திய அரசமைப்பின் 151ஆவது பிரிவு, தணிக்கை அறிக்கைகளை அவையில் வைக்கச் சொல்கிறது; எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்தாலும் சட்டப்படி சரிதான், விவாதிக்கத்தான் நேரமிருக்காது. புதிதாகச் சட்டம் எழுதுபவர்கள் ஒரு கெடுவைக் குறிப்பிட்டு, அது தவறினால் அலுவலகமே அறிக்கையை வெளியிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.