ஆட்டோமேட்டிக் ஸ்லிப் ஆகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் நடக்கும் தவறுகள்

2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் வண்டி "இழுக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்குள் வந்தாலே, புதுப் பையன்கள் வாயில் முதலில் வருவது "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். எங்கள் செட்டு மெக்கானிக்குகளும் இதே வழியில் வந்தவர்கள்தான், அதனால் திட்ட மனசு வரவில்லை. ஆனால் பில் கட்டுகிறவர் வண்டிக்காரர் என்பதால் எழுதுகிறேன். கண்ட ஆயிலையும் ஊற்றாதே, லீக் இருக்கிறதா பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

எது ஸ்லிப் என்று பார்க்காமலே ஸ்லிப் என்பது

ஸ்லிப் என்றால் ஆர்பிஎம் எகிறும், வேகம் ஏறாது. மிதித்தும் ஆர்பிஎம்மே ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எஞ்சின் பக்கம்: டர்போ ஹோஸ், டீசல் ஃபில்டர், அடைத்துப்போன சைலன்சர் என்று அங்கே போய்த் தேடுங்கள். 70, 80 வேகத்தில் சீராகப் போகும்போது லேசாக மிதித்தால் ஆர்பிஎம் 200, 300 கூடுவதும் ஸ்லிப் இல்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில், இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபடுகிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதே வேகத்தில் வண்டி ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஓடுவது போல நடுங்குகிறதா, காலியான ரோட்டில் ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். நடுக்கம் சட்டென்று நின்றால் சந்தேகம் லாக்கப் கிளட்ச் மேல். இதைப் பார்க்காமல் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்று என்று நினைப்பது

2014இல் செலேரியோவோடு இங்கே வந்த ஏஎம்டியில் (கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) இருப்பது மேனுவல் வண்டியில் இருக்கும் அதே மாதிரி கிளட்ச் பிளேட்தான். அது ஸ்லிப் ஆனால் பிளேட்டைப் பாருங்கள், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பேச்சே வேண்டாம்.

ஆயில் அளவைத் தப்பாக அளப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக், வால்பாறை டிரிப் அடிக்கும் வண்டி. "சமதரையில நல்லாத்தான் ஓடுதுண்ணே, ஆழியாறு தாண்டி வளைவு ஏறும்போது மட்டும் எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது" என்றார் டிரைவர். காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பிடிக்கும் என்றும் சொன்னார். வேறொரு பட்டறையில் ஓவர்ஹால் என்று சொல்லிவிட்டார்களாம். விசாரித்தால், சில மாதம் முன்பு அதே இடத்தில் ஆயில் மாற்றியிருக்கிறார்கள், எஞ்சினை அணைத்துவிட்டு ஓவர்ஃப்ளோ போல்ட்டை (அளவுக்கு மேல் இருக்கும் ஆயில் வடியும் துளையின் போல்ட்) திறந்து அளவு பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில், அதாவது கியர்பாக்ஸில், அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. எஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலை உறிஞ்சி கன்வெர்ட்டருக்கும், கியர் மாற்ற ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பதால் கீழே ஆயில் தங்கும் தட்டான பானில் அளவு இறங்கி நிற்கும். அணைத்தால் அளவு மேலே ஏறும். அந்த நேரத்தில் போல்ட்டைத் திறந்தால் நல்ல ஆயில் கொட்டத்தான் செய்யும். "அதிகமா இருக்கு" என்று அதை வடிய விட்டு மூடினால் வண்டி குறைந்த ஆயிலில் ஓடும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மிச்சமிருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், ஃபில்டர் வாய் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், கிளட்ச் பிளேட்கள் இறுகாமல் உரசும். வால்பாறைக்கு 40 வளைவு, ஒவ்வொன்றிலும் இதே கதை.

சரியான முறை இதுதான். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போடாமல் வண்டியை நாலு பக்கமும் சமமாகத் தூக்குங்கள். எஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்தி, திரும்பவும் பி-க்கு (பார்க்) கொண்டு வாருங்கள். ஸ்கேனரில் ஆயில் டெம்பரேச்சரைப் பாருங்கள்; எத்தனை டிகிரியில் அளக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பல டொயோட்டா பெட்டிகளில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் போல்ட்டைத் திறந்தால் ஆயில் கம்பியாக ஒழுகி, மெலிந்து, சொட்டுச் சொட்டாக மாற வேண்டும். சொட்டும்போது மூடிவிடுங்கள். ஒன்றுமே வரவில்லையா, ஊற்றுங்கள். சூடு தாண்டிவிட்டதா, அணைத்து ஆறவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், ஏனென்றால் சூட்டில் விரிந்த ஆயில் வெளியே போய்விடும். ஆறிப்போன ஆயிலில் அளந்து மேலே மேலே ஊற்றுவதும் தப்பு. ஓடும்போது நுரைத்து, அதே காற்று வேறு வழியில் பம்புக்குள் போகும்.

ஹோண்டா சிட்டியின் பழைய 5 ஸ்பீடில் முறையே வேறு: வண்டி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். அதனால் எந்த வண்டியாக இருந்தாலும் சர்வீஸ் மேனுவலைத் திறந்து பாருங்கள்.

அந்த இன்னோவா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் குடித்தது. வளைவில் எஞ்சின் கத்துவது நின்றது, ரிவர்ஸ் உடனே பிடித்தது. ஆனால் மாதக்கணக்கில் காற்றை இழுத்து ஓடியதில் 3-வதில் இருந்து 4-வது மாறும்போது ஆர்பிஎம் எகிறுவது மட்டும் போகவில்லை. பான் ஆயிலை மோந்தால் கருகிய வாடை. கடைசியில் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது, செலவு லட்சத்தைத் தாண்டியது. அரை மணி நேர வேலையைச் சரியாகச் செய்திருந்தால் வந்திருக்கவே வேண்டாத செலவு.

பி0700 வந்ததும் முடிவு கட்டுவது

ஸ்கேனரில் வரும் கோளாறு எண்களில் (கோடு) இது ஒன்று; "உள்ளே வேறு கோடு இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். கியர்பாக்ஸ் மாட்யூலுக்குள் போய் பி0731 (முதல் கியர் விகிதம் தப்பு), பி0741 (லாக்கப் கிளட்ச் பிடிக்கவில்லை) என்று என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

ஸ்டால் டெஸ்டில் மிதித்துக்கொண்டே நிற்பது

பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை இது. 5 நொடி. அவ்வளவுதான்.

ஆயில் மாற்றினால் சரியாகும் என்று வாக்குக் கொடுப்பது

கருகிய பிளேட்டுக்குப் புது ஆயில் உயிர் கொடுக்காது. மாற்றிய மறுவாரம் வண்டி நின்றால் பழி உங்கள் மேல்தான் விழும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பானைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் வயசுக்கு அது சகஜம், விரலில் குத்துகிற மாதிரி உலோகத் துண்டோ, கறுப்புப் பொடி குவியலாகவோ இருந்தால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு பெட்டி வாங்கி, பழைய ஆயில் கூலரை அப்படியே மாட்டுவது

பழைய பெட்டி அரைத்துத் தள்ளிய பொடி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கூலரையும் பைப்பையும் கழுவுங்கள், கழுவ முடியாவிட்டால் மாற்றுங்கள்.