முழுக்கட்டைக் கிற்றாரில் ஜாஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஒருவரின் கைக்கு வரும் லீட் கிற்றார் பெரும்பாலும் முழுக்கட்டையில், அதாவது உள்ளே வெறுமையில்லாத மரத்தில், செய்ததாகத்தான் இருக்கும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டராக இருக்கலாம், கொழும்பில் வாங்கிய டெலிகாஸ்டர் பிரதியாக இருக்கலாம், கலைந்துபோன இசைக்குழுவொன்றின் லெஸ் போல் வடிவமாக இருக்கலாம். அதில் ஜாஸ் பழக வெளிக்கிட்டால் முதலில் வரும் புத்திமதி: "இதில சரிவராது, உள்ளுக்கு வெறுமையான பெரிய கிற்றார்தான் வேணும்."

இதை நம்பிப் பழகாமல் இருப்பதுதான் முதல் தவறு. கனடாவின் எட் பிக்கர்ட் டெலிகாஸ்டரில்தான் வாசித்தார். 1970களில் சக்சஃபோன் கலைஞர் போல் டெஸ்மண்டுக்குப் பக்கத்தில் ஒலித்ததும் அதுவே. டெட் கிரீன், பில் ஃப்ரிசெல், ஜூலியன் லாஜ் ஆகியோரின் கையிலும் அதே கட்டைதான். 1952இல் கிப்சன் வெளியிட்ட கிற்றாருக்குப் பெயர் கொடுத்த லெஸ் போல் ஜாஸ் வாசிப்பவர். ஃபெண்டர் 1958இல் ஜாஸ்மாஸ்டரைக் கொண்டுவந்தது ஜாஸ் கலைஞர்களை மனதில் வைத்துத்தான். அதை அள்ளிக்கொண்டு போனவர்கள் கடற்கரை ராக் வாசித்த பெடியள் என்பது வேறு விசயம்.

எங்கள் இடத்துக்கு முழுக்கட்டை இன்னும் பொருத்தம். திறந்தவெளி மேடையில் ஸ்பீக்கர் அடுக்குக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் நின்றால் பெட்டி உடல் கொண்ட கிற்றார் ஊளையிடத் தொடங்கும். ஏ9 வீதியில் பேருந்தின் மேல்தட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற கருவிக்கு மெல்லிய மேற்பலகை ஒரு தலையிடி.

ரோன் குமிழை முழுக்க மூடுவது

ஜாஸ் என்றால் இருண்ட ஒலி என்று எண்ணி, கழுத்துப் பக்கப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை) தெரிவு செய்து ரோன் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். தனியே அறைக்குள் கேட்க இதமாகத்தான் இருக்கும். பேஸ் கிற்றாரும் ஓர்கனும் சேர்ந்தவுடன் கிற்றார் காணாமல் போகும். காரணம் எளிது. பெட்டிக் கிற்றாரின் ஒலி இருண்டதாகத் தோன்றினாலும் கம்பியில் பிக் படும் கணம் அதில் தெளிவாகக் கேட்கும். அடித்தவுடன் ஒரு "டொக்", பிறகு விரைவாகத் தேய்வு. ரோனை மூடினால் அந்த "டொக்" முதலில் சாகிறது, மிஞ்சுவது மந்தமான நீட்டல் மட்டும்.

10 வரை எண் உள்ள குமிழில் ரோனை 5, 6 அளவிலும் வொலியூமை 7, 8 அளவிலும் வைத்துத் தொடங்குங்கள். அம்பிளிஃபயரில் பேஸ் 4, மிட் 6 அல்லது 7, ட்ரெபிள் 4. பேஸைக் கூட்டினால் "கொழுத்த" ஒலி வரும் என்பது பேஸ் கிற்றார் இல்லாத அறையில் மட்டும் உண்மை. 5இல் வைத்தும் குமிழ் அளவுக்கு மீறி மூடுகிறதென்றால் உள்ளே இருக்கும் கொள்ளளவியை (கப்பாசிற்றரை) பாருங்கள்: 0.047 மைக்ரோஃபரட் என்றிருந்தால் 0.022 ஆக மாற்றலாம். சில்லறை விலைப் பொருள், ஈயம் பற்றவைக்கத் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

கம்பி

மற்றெல்லாவற்றையும் விட அதிகம் பிழைக்கும் இடம் இது. 9இல் (முதற்கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொடங்கும் மெல்லிய செற் வளைத்து இழுக்கும் ராக் வாசிப்புக்கு உகந்தது. ஜாஸ் கோர்ட்டை அழுத்திப் பிடித்தாலே அதில் சுருதி கூடிவிடும். 25.5 அங்குலக் கம்பி நீளமுள்ள ஃபெண்டர் வகைக்கு 11இல் தொடங்கும் செற் போதும். 24.75 அங்குல கிப்சன் வகையில் கம்பி சற்றுத் தளர்ந்திருக்கும் என்பதால் 12 கூடப் பிடிக்கலாம். மூன்றாம் கம்பி, அதாவது ஜி, நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போது இதைச் சொல்லியே கேளுங்கள். தட்டையான நாடாவால் சுற்றிய ஃப்ளாட்வுண்ட் வகை விலை கூட. ஆனால் விரல் உராயும் கீச்சொலி இல்லை, ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். செற் ஒன்றுக்காக யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டியவருக்கு அந்த விலை உண்மையில் மலிவு.

அவசரத்துக்கு, மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் பொக்ஸ் கிற்றாரின் வெண்கலக் கம்பியைப் போடுவது ஊரில் சாதாரணம். பிக்கப் காந்தத்தால் வேலை செய்வது; வெண்கலத்துக்குக் காந்தம் பிடிக்காது. சுற்றுக்கம்பிகளில் உள்ளிருக்கும் உருக்கு நடுக்கம்பி மட்டுமே கேட்கும். விளைவு, தடித்த கம்பிகள் மெலிந்தும் மேலிரண்டு கம்பிகள் உரத்தும் ஒலிக்கும். பிக்கப் பழுது என்று கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. நிக்கல் அல்லது உருக்குச் சுற்று என்று உறையில் இருந்தால் வாங்குங்கள்.

தடித்த கம்பி போட்டவுடன் மூன்று இடம் கெடும். ஒன்று, தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் துண்டான நட்டின் பள்ளம் ஒடுங்கியிருந்தால் சுருதி திருப்பும்போது "டிக்" என்று கம்பி துள்ளும், சுருதி நிற்காது. பென்சில் கரியைப் பூசிப் பாருங்கள். போதாவிட்டால் கம்பியின் தடிப்புக்கு ஏற்ற அரத்தால் பக்கவாட்டில் மட்டும் அகட்டுங்கள். ஆழம் கூடிவிட்டால் விரல் அழுத்தாத கம்பி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். இரும்பு வாளைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டு, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பொன்றால் ஆட்டிச் சுருதியை அசைக்கும் ட்ரெமலோ பாலம் முன்பக்கம் சாய்ந்து கம்பி உயரும். பின்மூடியைத் திறந்தால் வில்கள் தெரியும். மூன்று இருந்தால் ஐந்தாக்கி, கட்டையோடு பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். ஜாஸுக்கு அந்தக் கம்பு பெரிதாகத் தேவையில்லை. அளவாகச் சீவிய மரத்துண்டொன்றைப் பின்குழியில் செருகிப் பாலத்தை அசையாமல் செய்துவிடுவது இன்னும் நிம்மதி.

மூன்று, பாலத்தில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேணங்கள். சுற்றிய ஜிக்குச் சுற்றில்லாத ஜியைவிடக் குறைந்த நீட்டுதலே வேண்டும் என்பதால் அதன் சேணம் கழுத்துப் பக்கம் முன்னுக்கு வரும். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ரியூனரில் குறைந்து நின்றால் சேணத்தை முன்னுக்கும், கூடி நின்றால் பின்னுக்கும் நகர்த்துங்கள். புதுக் கம்பியில் செய்யுங்கள். துருப்பிடித்த கம்பியில் எந்த அளவும் பொய்.

பிக்கப் உயரம்

சத்தம் கூட வேண்டுமென்று கழுத்துப் பிக்கப்பைக் கம்பிக்கு ஒட்ட உயர்த்தினால், குறிப்பாக சிங்கிள் கொயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்), காந்தம் கம்பியை இழுக்கும். தடித்த ஈ கம்பியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தினால் இரண்டு சுருதி சண்டைபிடிப்பது போலக் கேட்கும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தியபடி அளந்தால் சிங்கிள் கொயிலுக்குத் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. நல்ல தொடக்கம். பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் ஜிக்குக் கீழேயுள்ள காந்தம் உயர்ந்து நிற்பது பிழையல்ல. 1954இல் அந்தக் கிற்றார் வந்தபோது ஜி சுற்றுக்கம்பியாக இருந்தது. சுற்றில்லாத கம்பி போட்டால்தான் ஜி துருத்திக்கொண்டு கேட்கும்.

மிக்சரில் நேரே செருகுவது

ஆலய மண்டபத்திலும் தேவாலயத்திலும் அம்பிளிஃபயர் இருக்காது, மிக்சர் இருக்கும். ஓர்கன் செருகும் அதே லைன் துளையில் கிற்றாரையும் செருகுவார்கள். கிற்றார் எதிர்பார்ப்பது 1 மெகாஓம் அளவான உள்ளீடு. லைன் துளை பொதுவாகச் சில பத்தாயிரம் ஓம்தான். பிக்கப்பின் உயர் சுரங்களும் உரப்பும் அங்கேயே அமுங்கிப்போகும். இதை "ஜாஸ் ஒலி" என்று ஏற்றுக்கொள்வது பரிதாபம். இடையில், கிற்றாரின் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் அக்டிவ் டிஐ பெட்டி ஒன்று வேண்டும். அது 9 வோல்ட் பற்றரியிலோ மிக்சரின் 48 வோல்ட்டிலோ ஓடும். மிக்சரில் கிற்றாருக்கென்று குறித்த துளை இருந்தால் அதுவே போதும்.

இன்னொன்று: கிற்றார் அம்பிளிஃபயரின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும், மண்டப ஸ்பீக்கர் அப்படியல்ல. டிஐ வழியாகப் போகும்போது அதற்கு மேற்பட்டதை மிக்சரில் வெட்டாவிட்டால் கம்பி கண்ணாடி கீறுவது போல ஒலிக்கும்.

சிங்கிள் கொயிலின் இரைச்சல் எங்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருவது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பிப் பார்த்தால் குறையும் கோணம் ஒன்று அகப்படும். இரைச்சலை நிறுத்த ஏர்த் முள்ளை வெட்டுவதோ, இரண்டு முள் அடாப்டரில் செருகுவதோ உயிருடன் விளையாடுவது. திருவிழா மேடை ஜெனரேற்றருக்கு ஏர்த் கம்பி புதைக்காமல் விடுவது உண்டு. கிற்றார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் கறன்ற் உடம்பு வழியே போகும். வாசிக்கும் முன் மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, மைக்கின் வலைக்கும் கிற்றார் கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங் சரிசெய்யும் வரை வாசிக்க வேண்டாம். ட்றிப் சுவிச் இருக்கும் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுங்கள்.

கை

முழுக்கட்டையில் சுரம் நீண்டு நிற்கும். பெட்டிக் கிற்றாருக்குப் பழகிய மாதிரி கோர்ட்டை அடித்துவிட்டுக் கையை அப்படியே வைத்திருந்தால் அது அடுத்த கோர்ட்டின் மேல் ஏறி நிற்கும். இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல். கோர்ட் எங்கே முடிகிறது என்பதை அந்தத் தளர்வுதான் தீர்மானிக்கிறது. பிக் 1.5 மி.மீ. அல்லது தடிப்பு, மெல்லிய பிக்கின் "சளக்" ஒலியை எந்தக் குமிழாலும் மறைக்க முடியாது. அடிக்கும் இடம் கழுத்தின் கடைசி ஃப்ரெட்டுக்குக் கிட்ட.

ஆறு கம்பியையும் மூடிப் பிடிக்கும் பார் கோர்ட்தான் தேவாலயப் பாட்டுக்குப் பழகிய கையின் பெரிய குறை. ஓர்கன்காரரின் இடக்கையும் பேஸ் கிற்றாரும் ஏற்கெனவே அடிச்சுரத்தை வாசிக்கின்றன. நான்காம், மூன்றாம் கம்பிகள் இரண்டு போதும். டி மைனர் 7க்கு நான்காம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் 5. ஜி 7க்கு மூன்றாம் கம்பி 5இலிருந்து 4க்கு இறங்கும், மற்றது அசையாது. சி மேஜர் 7க்கு நான்காம் கம்பி 3இலிருந்து 2க்கு இறங்கும், மற்றது அசையாது. இரண்டாம் கம்பியில் 5, 5, 3 என்று சேர்த்தால் ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்களும் வந்துவிடும்.

சங்கீதம் பழகியவர்கள் ஸ்விங் நடையைத் திஸ்ர நடை என்று கணக்கிட்டு ஒவ்வொரு அடியையும் இரண்டுக்கு ஒன்றாக வெட்டுகிறார்கள். மெதுவான காலத்தில் அது கிட்டத்தட்டச் சரி. வேகம் கூடக்கூட இரண்டு பங்கும் சமமாகி, மிக வேகத்தில் சதுஸ்ரத்துக்குக் கிட்ட வந்துவிடும். அழுத்தம் விழுவது அடியில் அல்ல, அடிக்கு இடையில். 120 வேகத்தில் பழக மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் தட்டை 2ஆம் 4ஆம் அடியாகக் கேளுங்கள். முதல் சில நாள் தடுமாறும். வீணையில் இழுப்பது போன்ற பெரிய கமகத்தைச் சுற்றிய ஜியில் முயல வேண்டாம், அது வளையாது. அரைச்சுர வழுக்கல் அந்த வேலையைச் செய்யும்.

கழுத்து

தடித்த கம்பி கழுத்தை முன்னுக்கு இழுக்கும். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலில் சேரும் ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழுள்ள இடைவெளியைப் பாருங்கள்: 0.25 மி.மீ. அளவு நல்லது. கூடினால் கழுத்துக்குள் ஓடும் உள்ளிரும்பை (ட்ரஸ் ரொட்) வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். சோளகக் காய்ச்சலில் சரியாக நின்ற கழுத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் மாறும். வருடத்தில் இரண்டு தடவை அளப்பது வழக்கமாகட்டும். சாவி அங்குல அளவா மி.மீ. அளவா என்று பாராமல் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் திருகின் மூலைகள் தேய்ந்துவிடும். அதன் பிறகு சரிசெய்வது பெரிய வேலை.