பழைய பிரெஞ்சு ஒயினைத் திறப்பதற்கு முன்

போர்தோ நகரத்தை ஒட்டிய பெசாக்கில் இருக்கிறது ஷத்தோ ஓ-பிரியோன் என்ற ஒயின் தோட்டம். போர்தோ ஒயின்களுக்கான 1855 தரப்பட்டியலின் முதல் வரிசையில், போர்தோவின் மெதோக் என்ற ஒயின் பகுதிக்கு வெளியிலிருந்து இடம்பிடித்த ஒரே தோட்டம். சிவப்பு, வெள்ளை இரண்டும் இங்கே உண்டு.

இப்படிப்பட்ட தோட்டத்தின் பழைய சிவப்பு ஒயின் யாராவது பரிசாகக் கொடுத்தால், வந்த அன்றே திறந்துவிடாதீர்கள். பாட்டிலின் அடியில் வண்டல் இருக்கும். ஒருநாள் முழுக்க அசைக்காமல் நிற்க வையுங்கள். அப்புறம் கார்க்கை மெதுவாக எடுத்து, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ செல்போன் விளக்கோ வைத்து, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். கழுத்தில் கருப்பாக இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு விரற்கடை போகட்டும், குடித்தால் வாயில் மண் கடித்த மாதிரிதான்.

சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும். "அறை வெப்பம்" என்று சொல்வதெல்லாம் ஐரோப்பியக் குளிர்காலத்து அறை. நம் மே மாதத்து அறை இல்லை! வெள்ளையை ஐஸ் மாதிரி குளிரவைத்தால் மணமே வராது. 12 டிகிரி சரி.

விலை மலைக்க வைக்கிறதா? அதே தோட்டத்தின் இரண்டாம் ஒயினான, அதாவது முதன்மை ஒயினுக்கு அடுத்த தரமான 'லெ கிளாரன்ஸ்' சற்றே மலிவு.