ஜன்னல் கைப்பிடி மாற்றப் போகிறீர்களா? பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்

ஏற்காட்டில் எங்கள் வீட்டு மர ஜன்னல்களுக்குப் பகையே பனிமூட்டம்தான். ஈரத்தில் மரம் உப்பி ஜன்னல் இறுகிவிடும். வேகமாக இழுப்போம், துருப்பிடித்த இரும்புக் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

முதலில் பழைய கைப்பிடியைக் கழற்றுங்கள். திருகு அசையவில்லையா? தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ இரண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கழற்றியதைப் பையில் போட்டுக்கொண்டே சேலத்துக்குக் கடைக்குப் போங்கள். ஒரு திருகு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம் ஒத்துப்போக வேண்டும். அரை சென்டிமீட்டர் தப்பினாலும் 20 கொண்டை ஊசி வளைவும் மறுபடி இறங்கி ஏற வேண்டியதுதான்!

மலைக்குப் பித்தளை அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். பாலிஷ் போட்ட இரும்பு விலை குறைவுதான், ஆனால் இங்கே சீக்கிரமே துரு ஏறிவிடும்.

மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டதா? மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுங்கள். அப்புறம் திருகு கெட்டியாகப் பிடிக்கும்.

பித்தளைத் திருகு மென்மையானது, நேராக முறுக்கினால் தலை உடைந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி, வழி உண்டாக்கிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு மெஷின் வேண்டாம், கையால் முறுக்குவதே நல்லது.