மலையிலிருந்து பேருந்தை இறக்குவது எப்படி?

வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. எந்த மலையானாலும் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டியது இன்ஜின்தான். பிரேக் அதற்குத் துணை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) சூடேறி, பிரேக் பிடிக்காமல் போய்விடும்.

இறக்கத்துக்கு முன் சமதளத்தில் நிறுத்தி, பிரேக் டேங்கின் காற்றழுத்தம் காட்டும் மீட்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 7 முதல் 8 பார் அழுத்தம் இருக்கும். இன்ஜினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடி இருங்கள். முள் சற்று இறங்கி நின்றுவிட வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை இறக்கவே கூடாது.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். இன்றைய இன்ஜின்கள் மேல் கியரிலேயே ஏறிவிடுவதால், ஒரு கியர் குறைத்துக்கொள்வதே நல்லது. கியரைச் சரிவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் ஓடும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை வெளியேறும் வழியை அடைத்து, இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) கீழ் கியரில், இன்ஜின் சுற்று கூடுதலாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுவது கொலைக்குச் சமம். கம்ப்ரசர் நின்று காற்று ஏறாது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

பிரேக்கில் காலை வைத்தே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும். விட்டுவிட்டுப் படபடவென மிதித்தால் டேங்க் காற்று வீணாகும்.

வளைவில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கம் வெட்டும். இடது வளைவில் எதிரே வண்டி இல்லை என்று உறுதியான பிறகு வலப்பக்கம் அகலமாக எடுத்துத் திருப்புங்கள். இடது கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி.

கருகல் வாடை வந்தாலோ, வழக்கமாக மிதிக்கும் அளவுக்கு வண்டி அடங்காவிட்டாலோ, அடுத்த அகலமான இடத்திலேயே நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூட்டிலிருக்கும் டிரம் விரிசல் விடும். பயணிகள் அவசரப்படுத்தினாலும், அருகில் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்காத அளவுக்கு ஆறட்டும். மெல்ல நகர்த்தி ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே இறங்குங்கள்.