ரேஷன் கடைக்கு யார் போவது? பெண்ணடிமை டிஸ்டோபியா எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சிறுகதைப் பட்டறைக்கு வந்த பதினொரு கதைகளைப் படித்தேன். அத்தனையும் டிஸ்டோபியா, அதாவது மோசமான ஒரு உலகத்தைக் கற்பனை செய்யும் கதைகள். பெண்களை அடக்கி வைத்திருக்கும் ஏதோ ஒரு எதிர்கால நாட்டைப் பற்றியவை. ஏழு கதைகள் சைரன் சத்தத்தில் தொடங்கின. ஐந்தில் சாம்பல் நிறச் சீருடை. கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய முதல் டிஸ்டோபியாவும் சைரனில்தான் தொடங்கியது. சீருடை மட்டும் காக்கி.

ஒற்றுப்பிழை, பாதிக் கதையில் பெயர் மாறிப்போகும் பாத்திரம், இதையெல்லாம் பேசப் போவதில்லை. படித்துப் பார்க்கிற யாரும் அவற்றைத் திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

நாட்டின் பெயர்

புருஷபுரி, ஆடவர்நாடு. வேண்டாம்.

கி.பி. 2187

வருடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த ஊரில் பால் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தடை போட்டாயிற்று, மற்ற வேலையை யார் செய்வது?

எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்காத தவறு இதுதான். நானே இதில் இரண்டு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன்.

என் நாவலில் பதிமூன்று வயதுக்கு மேல் எந்தப் பெண்ணும் வாசல் தாண்டக்கூடாது, படிக்கக்கூடாது, காசைத் தொடக்கூடாது. நூற்று நாற்பது பக்கம் கையால் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “எல்லாம் சரிடி, அந்த ஊர்ல ரேஷன் கடைக்கு யாரு போறது?”

ஆண்கள்தான் என்றேன்.

“கியூவுல நிப்பாங்களா? அப்ப ஆபீசுக்கு யாரு போறது? நாத்து நடறது? பிரசவம் பாக்கறது?”

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நாட்டில் பாதிப் பேரின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, மிச்சமெல்லாம் வழக்கம்போல் ஓடுவதாக எழுதியிருக்கிறேன். பஸ் ஓடுகிறது, சோறு வேகிறது, குழந்தை பிறக்கிறது. திருத்தி எழுதியபோது நாற்பது பக்கம்கூடத் தேறவில்லை.

பதினொரு கதைகளில் ஒன்பது அதே குழியில் விழுந்திருக்கின்றன. பெண்களின் உழைப்பு இல்லாமல் எந்த ஆட்சியும் நடக்காது. அதனால் தடை போடுகிற கையே விலக்கும் கொடுக்கும், அனுமதிச் சீட்டு கொடுக்கும், துணைக்கு இன்னார் வர வேண்டும் என்று சொல்லும். கதை அந்த விலக்குகளில்தான் கிடக்கிறது.

“ஆப்கானிஸ்தானில் அடைத்துத்தானே வைத்திருக்கிறார்கள்?” என்று பட்டறையில் ஒரு தம்பி கேட்டார். சரி, அங்கேயே போவோம். 2022 டிசம்பரில் தாலிபான் ஆட்சி பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு மூடியது. 2024 டிசம்பரில் நர்சிங், மருத்துவச்சிப் படிப்புகளும் போயின. ஆனால் ஏற்கெனவே படித்து முடித்த பெண் டாக்டர்களும் மருத்துவச்சிகளும் வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் முடியாது, ஏனென்றால் பல இடங்களில் பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்க்கவே கட்டுப்பாடு உண்டு. இன்று இருப்பவர்கள் ஓய்வு பெற்ற பிறகு? பெரியம்மா கேட்ட அதே கேள்வி. அதிகாரம் முட்டாள்தனமாக நடப்பது சகஜம். அது அதிகாரத்தின் முட்டாள்தனமாகவே இருக்கட்டும், எழுதுகிறவருடையதாக இருந்தால் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, தடையை யார் அமல்படுத்துகிறார்கள் என்பது. புதியவர்களின் கதைகளில் ஒரு தலைவன் மேடையேறிக் கத்துவான், துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள். 2021 டிசம்பரில் அதே தாலிபான் ஒரு உத்தரவு போட்டது: 72 கிலோமீட்டருக்கு மேல் போகிற பெண்ணை, நெருங்கிய ஆண் உறவினர் உடன் இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றக்கூடாது. உத்தரவு டிரைவருக்கு. ஒரே காகிதத்தில் நாட்டிலுள்ள அத்தனை டாக்சிக்காரர்களும் காவலர்கள் ஆகிவிட்டார்கள். அதில் நல்லவனும் இருப்பான், அவனுக்கும் வண்டிக் கடன் இருக்கும். அவனை எழுதுங்கள்.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் கதை சொல்லும் பெண்ணுக்கு முதல் அடி விழுவது ஒரு கடையில். சிகரெட் வாங்கப் போகிறாள், அவளுடைய கணக்கு எண் செல்லவில்லை. அன்றே வேலையும் போகிறது. பெண்களின் பணம் கணவன் பொறுப்புக்குப் போய்விட்டது என்று தெரிகிறது. கணவன் கெட்டவன் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதல்தான் சொல்கிறான். அந்த ஆறுதல்தான் அவளைக் குத்துகிறது.

நம் நாட்டுக் கவுன்டர் ஒன்றும் உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார், தந்தையின் கையெழுத்து கேட்டார்கள். 1956ஆம் வருடத்து இந்து மைனர் காப்பாளர் சட்டத்தில் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘அவருக்குப் பின்’ என்றால் அவர் இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. இரண்டே சொல்லுக்கு நாற்பத்து மூன்று வருடம். சைரன் எங்கேயாவது கேட்டதா?

சீருடை

நிறத்தை விடுங்கள். திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு பிரகடனம் செய்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு வாலையும் சேர்த்தது. அந்த வால் உங்கள் கதையில் இருக்கிறதா?

அடி, உதை, ரத்தம்

ஒரு முறை போதும். கதவுக்கு வெளியே நின்று எழுதினால் இன்னும் நல்லது.

தலைகீழாக்கினால் போதும் என்ற நினைப்பு

ஆண்களை அடைத்து வைத்த நாடு என்று ஒரு கதை வந்திருந்தது, புதுசு என்ற துள்ளலோடு. வங்க எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹொசைன் 1905இலேயே ‘சுல்தானாவின் கனவு’ என்று அதை எழுதிவிட்டார். வெளிவந்தது மெட்ராஸிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ பத்திரிகையில். அவர் கதையில் சமையலுக்குச் சூரிய வெப்பம், வயலுக்கு மின்சாரம் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. பெரியம்மா குறை சொல்ல இடமே வைக்கவில்லை.

கடைசி அத்தியாயத்துப் புரட்சி

அதற்கு முன்னால் சின்னச் சின்னத் தில்லுமுல்லு வேண்டாமா? ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். 1967இல் பிறப்பு விகிதம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, அடுத்த சில வருடங்களில் மறுபடி இறங்கியது. பெண்கள் கள்ளத்தனமாக வழி தேடிக்கொண்டார்கள், அதில் பலர் செத்தும் போனார்கள். அரசு தொழிற்சாலைகளிலேயே பெண்களுக்குப் பரிசோதனை வைத்தது. தடை, வழி, மேலும் இறுக்கம். 1989 டிசம்பரில் ஆட்சி விழுகிறவரை இதுதான் நடந்தது. நாவலுக்கு இதைவிட என்ன ஓட்டம் வேண்டும்?

அந்தப் பதினொன்றில் ஒரு கதையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாலாம் பக்கத்தில் ஒரு கவுன்டர். அனுமதிச் சீட்டில் முத்திரை குத்துகிறவளும் பெண்தான். மை காய்ந்துபோயிருக்கிறது. முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதி அழுத்துகிறாள். ஐந்து மணிக்குள் அவளும் வீடு போய்ச் சேர வேண்டும், அவளுடைய சீட்டும் அன்றோடு முடிகிறது. முதல் மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டு இங்கிருந்து தொடங்கும்மா என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

அந்தப் பெண் போன் செய்தாள். “சரிங்க மேடம். சைரனை மட்டும் கடைசியில வச்சுக்கட்டுமா?”